மருமவனே, சீக்கிரம் ஒட்டு!

வா மருமவனே, வா. கையில பசை டப்பா, தோள்ல சைக்கிள் ட்யூப், கண்ணுல கச்சேரி. உன் வேகத்தப் பாத்தா, கிட்டார் கழுத்துக் கட்டையில ஃப்ரெட்போர்டு பலகைய ஒட்டி, ராத்திரிக்கே கம்பி மாட்டி, விடியறதுக்குள்ள தெருவையே காலி பண்ணிருவ போலிருக்கு. ஒட்டு ராசா, தாராளமா ஒட்டு. இழைப்புளி பிடிச்சே முட்டி தேஞ்ச கிழவன் பேச்ச, பத்து நிமிச வீடியோவுல தச்சனாகிட்ட புள்ளைங்க கேக்கணும்னு சட்டமா இருக்கு?

எலக்ட்ரிக் கிட்டாருக்கு அமெரிக்காவுல பேர் வாங்கின லியோ ஃபெண்டர், மொதல்ல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாதாம். அந்த விஷயத்துல உனக்கும் அவருக்கும் பத்துப் பொருத்தமும் சரியா இருக்கு. ஆனா மனுசன் விவரமானவர். 1950 வாக்குல அவர் செஞ்ச கழுத்து எல்லாம் ஒரே மேப்பிள் கட்டை. ஃப்ரெட்போர்டுன்னு தனியா ஒண்ணு கிடையாது, கட்டையிலயே மெட்டு அடிச்சாச்சு. ட்ரஸ் ராடுங்கிற இரும்புக் கம்பிய மட்டும் பின்பக்கமா காடி வெட்டி உள்ள வச்சு, மேல கறுத்த மரத்துண்டு போட்டு மூடிட்டார். ஒட்டுற தலைவலியே இல்ல. 1958ல ஜாஸ்மாஸ்டர், அடுத்த வருசம் மத்த மாடலும்னு ரோஸ்வுட் பலகை ஒட்ட ஆரம்பிச்சதெல்லாம் அப்புறம்தான். நீ எடுத்த எடுப்புலயே ஒட்டுற கட்டத்துல வந்து நிக்கிற. தைரியசாலி.

சரி, ரெண்டு முகத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்னு சொன்னியே, காமி. ஆகா, தேச்ச அழகே அழகு! நடுவுல மேடு, ரெண்டு ஓரமும் சரிவு. வெறுங்கையில தாளப் பிடிச்சுத் தேச்சா ஓரம்தான் மொதல்ல தேயும். பலகையக் கட்டை மேல வச்சு ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பாரு. ஓரத்துல ஒரு வெளிச்சக் கீத்து தெரியுதுல்ல? சூரிய பகவான் உன் வேலையப் பாக்க வந்திருக்காரு. "கிளாம்பு போட்டு இறுக்கினா மூடிக்கும் மாமா"ன்னுதான சொல்லப் போற? மூடிக்கும், இறுக்கி வச்சிருக்கிற வரைக்கும். அப்புறம் ஆறு கம்பி, சாதாரண பத்தாம் நம்பர் செட்டே எல்லாம் சேந்து 45 கிலோ கிட்ட இழுக்கும், ராப்பகலா. மரமும் மரமும் தொட்டாத்தான் இந்தப் பசை பிடிக்கும். சந்த அடைக்கிறது அதோட வேலை இல்ல. கூரான இழைப்புளிய ஒரு தடவை மெலிசா ஓட்டு. இல்ல, கண்ணாடிப் பலகை மேல உப்புத்தாள ஒட்டி, அதுல கட்டையத் தேய். வெளிச்சம் மறைஞ்ச பெறகு பசை டப்பாவத் தொற.

பலகை தோதகத்தி, அதான் நம்மூர் ரோஸ்வுட். நம்ம மேற்கு மலையில வளந்த சாதி. உலகம் பூரா கிட்டாருக்கு இதத்தான் தேடுறான். தமிழ்நாட்டுல இத வெட்டவிடாம காக்க 1994லயே தனியா சட்டம் போட்டாங்க. அவ்வளவு கிராக்கியான மரத்த வாங்கிட்டு வந்து ஒரு மாசம் பரண்ல போட்டிருக்க. தோதகத்தியில எண்ணெய் உண்டு, நாள்பட்டா மேல வந்து நிக்கும். ஒட்டுற அன்னைக்குப் புதுசா சுரண்டி, அசிட்டோன் தொட்டுத் துடைச்சு, உலந்ததும் ஒட்டணும். உன் தங்கச்சி நகப்பூச்சு அழிக்கிற சீசாவ எடுத்துட்டு வந்துராத. பல சீசாவுல நகம் காயாம இருக்க எண்ணெய் கலந்திருக்கும். அவ கிட்டயும் உதை வாங்குவ, பலகையும் பிடிக்காது.

இனிதான் கூத்து. பசை தடவின பலகைய மேல வச்சு அமுக்கிப் பாரு. சேத்துல விட்ட எருமைக் கன்னு மாதிரி அது போற பக்கம் போகும், நீ பின்னாலயே ஓடணும். ஒரு மில்லிமீட்டர் கோணினா என்னன்னு கேப்ப. 648 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டார்ல, மேல் முனையில இருந்து 22வது மெட்டு வரைக்கும் 466 மி.மீ. பலகையோட அந்தக் கடைசியில ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினா பிரிட்ஜ் கிட்ட ஏறக்குறைய ஒன்றரை ஆயிரும். ஓரக் கம்பி பலகைய விட்டு நழுவி விழும். தஞ்சாவூர் வீணையா இருந்தா 24 மெட்டும் மெழுகுல உக்காந்திருக்கும். சுருதி தப்பினா மெழுக இளக்கி நகத்திக்கலாம். உனக்கு அந்தச் சலுகை கிடையாது, பள்ளத்த ரம்பத்தால அறுத்தாச்சு.

அதனால பசை போடுறதுக்கு முந்தியே பலகைய நடுக்கோட்டுக்கு நேரா வச்சுப் பிடி. மெட்டு அடிக்கிற பள்ளத்துக்குள்ளயே, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மெலிசாத் தொளை போட்டு, தலை நறுக்கின சின்ன ஆணிய எறக்கு. நடுக் காடிய விட்டு ஒதுங்கியே போடு, உள்ள இரும்பு இருக்கு. ஆணியில மெழுகு பூசிக்கோ, இல்லன்னா அதுவும் ஒட்டிக்கிட்டு உன் கூட வாழ வந்துரும். பசை பிடிச்ச பெறகு ஆணியப் பிடுங்கிரு. தொளை மேல மெட்டு உக்காந்தா எந்தக் கழுகுக் கண்ணனுக்கும் தெரியாது.

ட்ரஸ் ராடு போட்ட காடியிலயும் நல்லா ஊத்து. ஏன் சிரிக்கிற? அதுக்கும் தாகம் எடுக்காதா? கழுத்து வளைஞ்சா திருகி நிமித்தத்தான் அந்தக் கம்பி இருக்கு. பசை குடிச்சு உறைஞ்சுட்டா, நீ சாவி போட்டுத் திருகத் திருக அது உன்னப் பாத்துச் சிரிக்கும். வேண்டாம்னா காடி மேல மாஸ்கிங் டேப்ப நீளமா ஒட்டி, பசையத் தடவி, டேப்ப உரிச்சுட்டுப் பலகைய வை. ஆச்சு.

பசைய விரலால தடவாம, செத்துப்போன ஏடிஎம் கார்டால மெலிசா இழுத்து விடு. மஞ்சப் பசை டைட்பாண்ட்னா அஞ்சு நிமிசம்தான் பொறுக்கும். அதுக்குள்ள எல்லாம் மாட்டி முடியணும். அதனால பசை இல்லாம ஒரு தடவை ஒத்திகை பாரு. வஜ்ஜிரம் காச்சி ஒட்டின காலத்துல இந்த அஞ்சு நிமிசமே எங்களுக்கு ஆடம்பரம். சைக்கிள் ட்யூப்ப மூலையில போடு. தடிச்ச கட்டையக் காகிதம் சுத்தி மேல வச்சு, நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் கிளாம்பு. பலசாலின்னு காமிக்க இறுக்காத, பசை பூரா வெளிய ஓடிரும். ரெண்டு ஓரத்துலயும் கடுகு கடுகா வரிசையா முத்துவிட்டா சரி. அந்த முத்த ஈரத்துணியால துடைச்சுச் சுத்தக்காரன்னு பேர் வாங்காத. கரைஞ்ச பசை மரத்துக் கண்ணுக்குள்ள எறங்கி, நாளைக்கு வார்னிஷ் அடிக்கையில திட்டுத் திட்டா காமிக்கும். ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால நெம்பினா தோல் மாதிரி உரியும்.

மறுநாள் கிளாம்ப எடுத்ததும் ஒரு கண்ண மூடிப் பாரு, கழுத்து பின்னால வளைஞ்சிருக்கலாம். பதறாத. பசைத் தண்ணி குடிச்ச மரம் அப்படித்தான் உப்பும். அந்த வளைவோட நீ பலகையத் தேச்சு மட்டம் பாத்தா, காஞ்ச பெறகு மட்டம் மாறி மறுபடியும் என் வாசல்லதான் நிப்ப. நாலஞ்சு நாள் சும்மா கெடக்கட்டும். அவசரம்னா எபாக்சி போடு, அதுல தண்ணி இல்ல. ஆனா கோணலா ஒட்டிட்டா கழட்டுறது பெரும்பாடு. மஞ்சப் பசைன்னா, உங்கம்மா இஸ்திரிப் பெட்டிய நிதானமாச் சூடு பண்ணிப் பலகை மேல வச்சு, மெல்லிசு தகடால நெம்பி எடுத்துரலாம். ரிப்பேர்காரனெல்லாம் அப்படித்தான் பிரிக்கிறான். அதனாலதான் சொல்றேன், செஞ்சு முடிச்ச கிட்டாரச் சித்திர வெயில்ல கார்ல போட்டுட்டு டீ குடிக்கப் போகாத.

கிளாம்பு எட்டு தாரேன், எண்ணி வாங்கிக்கோ. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் திருகிப் பாக்காம வச்சிருந்து, எட்டையும் எண்ணித் திருப்பிக் குடு. ஏழுன்னா கிட்டார் எனக்கு.