உழாத டிராக்டர்கள்

லண்டனின் செல்சீ பகுதியில் உழுவதற்கு ஒரு முழ வயல்கூடக் கிடையாது. ஆனாலும் அங்கே டிராக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட ரேஞ்ச் ரோவரில் வரும் சீமான், சீமாட்டிகளைப் பார்த்து ஊரார் வைத்த பட்டப்பெயர் 'செல்சீ டிராக்டர்'. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிதான். அது ஏறும் அதிகபட்ச மேடு, நடைபாதையின் விளிம்பு.

பணக்காரப் பேட்டை மாறினால் முன்பாதி மாறும், டிராக்டர் மாறாது. மெல்பர்னில் 'டூராக் டிராக்டர்', ஆக்லாந்தில் 'ரெமுவேரா டிராக்டர்'. நார்வேக்காரர்கள் சுற்றி வளைக்கவில்லை: 'பங்குச்சந்தை டிராக்டர்'. ஆம்ஸ்டர்டாமில் மாட்டிக்கொண்டவர், பாவம், ஒரு கவிஞர். 1647இல் மறைந்த பி. சி. ஹோஃப்ட்டின் பெயர் தாங்கிய தெரு இன்று விலையுயர்ந்த துணிக்கடைகளின் வீதி. அங்கே வந்து நிற்பதெல்லாம் 'பி. சி. ஹோஃப்ட் டிராக்டர்'. (டச்சு இலக்கியத்துக்கு அவர் ஆற்றிய தொண்டு வேறு கணக்கு.)

கம்பெனி வைக்கும் பெயருக்கும் கண்டம் உண்டு. தென் அமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் பெயரை எடுத்து மிட்சுபிஷி 1982இல் 'பஜேரோ'வை இறக்கியது. பூனைக்குப் பொருந்திய பெயர், ஸ்பானியப் பேச்சுவழக்கில் சபையில் சொல்லக்கூடாத வசவு. ஆகவே ஸ்பெயினுக்குள் அது 'மொன்டேரோ', அதாவது வேட்டைக்காரன், என்று பேர் மாற்றிக்கொண்டுதான் நுழைந்தது. பூனையின் சொந்தக் கண்டத்திலேயே பல நாடுகளில் பூனைக்கு அனுமதியில்லை.