இருபத்துநாலு லிட்டர் ரீப்பர்

கட்டுரைக்காரருக்குக் கழுத்து இன்னும் இடப்பக்கம் திரும்பவில்லை. போன சனிக்கிழமை போரூர்ப் பக்கம் ஒரு மரவாடியில் வாங்கிய ஆறு ரீப்பர்தான் காரணம். மரச்சட்டம், பத்தடி நீளம், இரண்டுக்கு ஒன்று அங்குலம்.  

பில் போட்டு முடித்த கடைக்காரர், எல்லோரிடமும் கேட்பதையே கேட்டார். "குட்டியானை சொல்லட்டுங்களா சார்? எழுநூறு ரூபா ஆகும்."

பன்னிரண்டு லட்சம் கொட்டி எஸ்.யு.வி. வாங்கியவரிடம் கேட்கிற கேள்வியா இது? உங்களுக்கும் அந்தக் கோபம் வந்திருக்கும். மாதத் தவணை சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். குட்டியானை என்கிற மினி லாரிக்கு வாடகை எழுநூறு மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கும். "வண்டி இருக்கு" என்று கட்டுரைக்காரர் வாசல் பக்கம் சாவியை அமுக்கினார். வண்டியும் விளக்கைச் சிமிட்டியது. கடைக்காரர் வண்டியைப் பார்த்தார், ரீப்பரைப் பார்த்தார், பிறகு டீ சொல்லப் போய்விட்டார். இது எவ்வளவு நேரம் இழுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கட்டுரைக்காரர் ஒன்றும் ஆதாரமில்லாமல் நம்பவில்லை. வண்டி வாங்கிய அன்று விற்பனைப் பையன் டிக்கியைத் திறந்து காட்டி, "முந்நூறு லிட்டருக்கு மேல சார்" என்று சொன்னது காதிலேயே இருந்தது. லிட்டர்! டிக்கியில் யார் எதை ஊற்றப்போகிறார்கள்? கல்யாண வீட்டு ரசத்தையா?

இந்த லிட்டர் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் ஜெர்மனியில் போய் நிற்கிறது. அந்த ஊர் மோட்டார் வாகனத் தொழில் சங்கமான வி.டி.ஏ. வகுத்த முறை ஒன்று உண்டு. 200-க்கு 100-க்கு 50 மில்லிமீட்டர் கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். எத்தனை கட்டை பிடிக்கிறதோ அத்தனை லிட்டர். செங்கல்லைவிடச் சின்னக் கட்டை என்பதால் சக்கர மேட்டின் ஓரம், விளக்குக்குப் பின்னால் இருக்கிற பள்ளம் என்று சந்துபொந்தெல்லாம் செருகலாம். மனிதன் கடையில் வாங்குகிற சகல சாமானும் சின்னச் செங்கல்லாகவே இருந்துவிட்டால், இந்தக் கணக்கை யாரும் குறை சொல்ல முடியாது.

மரக்காரர்களுக்குக் கன அடிக் கணக்கு. ஒரு கன அடி 28.3 லிட்டர். கட்டுரைக்காரரின் ஆறு ரீப்பரும் சேர்ந்து 0.83 கன அடி, அதாவது 23.6 லிட்டர். வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் 20 லிட்டர். ஆக மொத்தம் ஒரு கேன், மேலே இரண்டு சொம்பு. முந்நூறு லிட்டர் டிக்கியில் பத்தில் ஒரு பங்குகூட நிறையக் கூடாது. இதைக் கடைக்காரரின் கால்குலேட்டரிலேயே போட்டு லோடு ஏற்றுகிற பெரியவரிடம் காட்டினார். அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "சரிங்க சார், நீளம் எங்க போவும்?" என்றார்.

பூக்காரம்மாவுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. மல்லிகையைக் கட்டிவிட்டால் முழம் போடுவார். உதிரியாக இருந்தால் படியிலோ தராசிலோ போய்விடும். ஒரே பூ, உருவம் மாறினால் அளவும் மாறுகிறது. பாலை யாரும் முழம் போட்டு விற்பதில்லை, வேட்டியை யாரும் லிட்டரில் கேட்பதில்லை. கார்க்காரர்களுக்கு மட்டும் ஏன் இது எட்டவில்லை? டிக்கி இத்தனை முழம் என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்திருந்தால் கட்டுரைக்காரர் சனிக்கிழமை மதியம் வீட்டில் தூங்கியிருப்பார். கழுத்தும் திரும்பியிருக்கும். சரி, லிட்டரை இதோடு விட்டுவிடலாம். நீளத்துக்கு வருவோம்.

வண்டியின் நீளத்துக்குப் பின்னால் ஒரு பட்ஜெட் இருக்கிறது. 2006-இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களின் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16-க்கு இறக்கினார். சின்னக் கார் என்றால் நாலு மீட்டருக்குள். இன்ஜினுக்கும் வரம்பு உண்டு. 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் அந்த நாலு மீட்டர் கோடு அழியவில்லை: உள்ளே நின்றால் 18 சதவீதம், தாண்டினால் 40. பிரெஸ்ஸாவும் நெக்ஸானும் வென்யூவும் ஒன்றுபோல 3,995 மில்லிமீட்டரில் நிற்பது தற்செயல் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் யானை, டேப்பை வைத்தால் வரிச் சலுகைக்காகவே பிறந்த பிள்ளை. பத்தடி ரீப்பர் 3,048 மில்லிமீட்டர். மிச்சமிருக்கும் 947-க்குள் இன்ஜின், ரேடியேட்டர், டாஷ்போர்டு, இரண்டு பம்பர் எல்லாம் அடங்க வேண்டும்.

அடங்கவில்லை. பின்சீட்டை மடக்கியாயிற்று. முன்சீட்டைச் சாய்க்கிற லிவரைத் தேடி டிக்கி வழியாகத் தவழ்ந்து போனபோதுதான் கழுத்து பிடித்துக்கொண்டது. ரீப்பரின் ஒரு முனை முன்கண்ணாடியை முட்ட, மறுமுனை இரண்டடிக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டீக்கடை நிழலில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற வீட்டம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"என்னங்க, நான் எங்க உக்கார்றது?"

அவரை லிட்டரில் சேர்க்க மறந்திருந்தது.

"ரெண்டா அறுத்துரலாமா சார்?" என்றார் கடைக்காரர். கூடாது. வாங்கிய வேலைக்குப் பத்தடியாகவே வேண்டும். மேலே கட்டலாம் என்றால், கூரையில் வெள்ளியாக மின்னுகிற கம்பி பல வண்டிகளில் வெறும் நகை. தன்னுடையது எந்த வகை என்று கட்டுரைக்காரர் கையேட்டைப் பிரித்ததே இல்லை. "சன்ரூஃப் இருக்குல்ல, நட்டு வெச்சிருங்க" என்றான் கடைப் பையன். சென்னை வெயிலில் அந்த ஓட்டைக்கு முதன்முதலாக ஒரு வேலை வந்தது. ஆனால் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194 (1ஏ) என்று ஒரு பிரிவு இருக்கிறது: பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ சரக்கு அளவு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய். எழுநூறுக்குக் கணக்குப் பார்த்தவருக்கு இது கொஞ்சம் அதிகம்.

கடைசியில் அந்த லோடு பெரியவர்தான் மூலையில் கிடந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லைத் தள்ளிக்கொண்டு வந்தார். 1980-இல் வந்த டி.வி.எஸ். 50-இன் வம்சம், 99.7 சி.சி. ஆறு ரீப்பரையும் பக்கவாட்டில் சாய்த்து, பழைய சைக்கிள் டியூபால் மூன்று சுற்று. இரண்டு நிமிஷம். சட்டத்தின் கண்ணில் இதுவும் குற்றமாகத்தான் இருக்கும். கட்டுரைக்காரர் அப்போது சட்டம் பேசுகிற நிலையில் இல்லை.

"இருநூறு குடுங்க, போதும். பின்னாடி எவனாவது வந்து குத்திக்கப்போறான், நீங்க நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டு ஒட்டுனாப்பல வாங்க."

எட்டு கிலோமீட்டர், இருபதைத் தாண்டாத வேகம். முன்னால் ரீப்பர், பின்னால் சிவப்புத் துணிக்குப் பதிலாகப் பன்னிரண்டு லட்சம். உள்ளே வீட்டம்மா சீட்டை நன்றாகச் சாய்த்துக் கால் நீட்டி வந்தார். "இடம் தாராளமாத்தான் இருக்கு" என்றார், வழியில் ஒரே ஒரு தடவை.

அடுக்ககத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. பெரியவர் ரீப்பரை நிமிர்த்தினார், சாய்த்தார், குறுக்கே வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு தகடு மாட்டியிருந்தது: 6 நபர்கள், 408 கிலோ. நீளம் போடவில்லை. கட்டுரைக்காரர் ரீப்பரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினார், இடப்பக்கம்.