களஞ்சியம் எங்கேயும் ஓடிடாது, தம்பி

வாப்பா தம்பி. உச்சி வெயில்ல திருப்பாலைத்துறைக்கு வந்து இறங்கியிருக்கே பாரு, அதுலயே உன் வித்தை தெரிஞ்சுபோச்சு. தோள்ல தொங்குற பையோட விலைக்கு ரெண்டு கறவை மாடு வாங்கலாம் போலிருக்கு. பரவாயில்ல, மாடுன்னா தீனி கேக்கும்.

கறுப்பு வெள்ளையில படம் எடுக்கப்போறியா? எடு. நிறத்தை உருவிட்டா எல்லாம் பழசாயிடும்னு ஒரு நம்பிக்கை உங்க ஆளுங்களுக்கு. இந்த நெற்களஞ்சியம் ரகுநாத நாயக்கர் காலத்துது, 1600-லேருந்து 1634-க்குள்ள கட்டினதுன்னு சொல்றாங்க. அதுக்கு நீ புதுசா வயசு ஏத்த வேண்டியதில்ல.

நானும் வயசுல கும்மோணத்துல ஒரு ஸ்டுடியோ இருட்டறையில தட்டு கழுவினவன்தான். சிவப்பு விளக்குல நின்னு கத்துக்கிட்டதைச் சொல்றேன், இஷ்டமிருந்தா கேளு. இல்லேன்னா கேக்குற மாதிரி தலையாட்டு, உனக்கு அது நல்லா வருது.

இது வட்டக் கட்டடம். மூலையே கிடையாது. சுமார் 35 அடி உயரம், மேலே போகப் போகக் குவிஞ்சிருக்கும். சதுரக் கொட்டகைன்னா ரெண்டு சுவரு சேர்ற இடத்துல வெளிச்சமும் நிழலும் தானா பிரிஞ்சு நிக்கும். இங்கே அதைப் பிரிச்சுக் குடுக்கறதுக்கு வெயிலை விட்டா ஆளில்ல. சூரியனை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு எடுத்தேன்னு வையி, 3,000 கலம் நெல்லு கொள்ற களஞ்சியம் சுட்ட தோசை மாதிரி தட்டையா விழும். காலையில வெயில் பக்கவாட்டுல வரணும், நீ தெற்கேயோ வடக்கேயோ தள்ளி நிக்கணும். அப்போ ஒரு ஓரம் வெளுத்து, நடுவுல சாம்பலாகி, மறு ஓரம் கறுத்துக்கிட்டே போகும். அந்தச் சாம்பல்லதான் கட்டடத்தோட உருண்டை வடிவம் இருக்கு. காரை பெயர்ந்த இடத்துல செங்கல் வரிசையும் அப்பத்தான் ஒண்ணொண்ணா எழும்பித் தெரியும். ஆறரை மணிக்கு வரணும் தம்பி. லாட்ஜ்ல இட்லி எட்டு மணிக்குத்தான்னா, இட்லியையே படம் எடு.

கிட்டக்க போய் அண்ணாந்து எடுக்காதே. ஏற்கெனவே குவிஞ்ச கூரையை நீ இன்னும் இழுத்துக் குவிச்சா, கட்டடம் பின்னால சாயற மாதிரி இருக்கும். நாயக்கரு கொத்தனார் சரியாத்தான் கட்டினார். பின்னால நகர்ந்து, கேமராவை நட்டமா வச்சு எடு.

அடுத்தது, கண்ணு செய்யிற மோசம். சிவப்புச் செங்கல் பக்கத்துல பச்சை இலை எடுப்பா இருக்கேன்னு மயங்கிடுவே. நிறம் போனதும் ரெண்டும் ஒரே சாம்பல். செங்கல் எது, செடி எதுன்னு நீயே தேடுவே. அந்தக் காலத்துல லென்ஸ் முன்னால சிவப்புக் கண்ணாடி மாட்டுவோம். செங்கல் வெளுக்கும், இலை கறுக்கும், நீல வானம் மழைக்கு முன்னால மாதிரி இருண்டு நிக்கும். இப்போ உனக்கு அந்தக் கஷ்டமில்ல. கலர்லயே எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல சிவப்பைத் தனியா, பச்சையைத் தனியா ஏத்தி இறக்கலாம். அதுக்காக வானத்தை நள்ளிரவாக்கிடாதே. ஐப்பசி மாசத்துலகூட எங்க ஊரு வானம் அப்படி மிரட்டுனதில்ல.

பிலிம்ல நிழல் செத்தா மீளாது. உன் டிஜிட்டல்ல வெளுத்ததுதான் மீளாது. அதனால சுண்ணாம்பு பூசின இடத்துக்கு வெளிச்சத்தை அளந்துக்க. வாசல் இருட்டா இருக்கேன்னு பதறாதே. நெல்லு கொட்டவும் எடுக்கவும் கீழே ஒண்ணு, நடுவுல ஒண்ணு, உச்சியில ஒண்ணுன்னு வழி வச்சிருக்கான். ஒரு படத்துக்குள்ள அந்த மூணும் தெரியற கோணத்தைத் தேடு. அப்பத்தான் இது என்ன வேலைக்குக் கட்டினதுன்னு பாக்குறவனுக்கு விளங்கும். இல்லேன்னா ஏதோ மண்டபம்னு எழுதிடுவான்.

அளவு தெரிய ஒரு ஆள் வேணும்னு என்னைப் பாக்குறே. நிக்கறேன். ஆனா சட்டையைக் கழட்டு, தலைப்பா கட்டு, தூரத்துல பாருன்னு சொல்லாதே. போன தடவை வந்த பையன் என் கண்ணாடியையும் கழட்டச் சொன்னான். கண்ணாடி போட்டா கிராமம் கெட்டுடுமாம். அவன் சொன்ன தூரம் எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுது. அந்தப் படத்துல 'ஏக்கப் பார்வை'ன்னு போட்டிருந்தானாம்.

கரண்டு கம்பி குறுக்கே வருதா? வரட்டும். அழிச்சா படம் சுத்தமாகும், பொய்யும் ஆகும்.

இன்னொரு படம் சொல்றேன், அதை யாரும் எடுக்கறதில்ல. அறுவடை சமயத்துல வா. கொள்முதல் நிலைய வாசல்ல நெல்லைக் குவிச்சு, மேலே தார்ப்பாயைப் போட்டு, மழை பெஞ்சா முளைச்சிடுமேன்னு சனங்க வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. 3,000 கலம் கொள்ற களஞ்சியம் சும்மா கிடக்கு, இன்னிக்கு விளைஞ்ச நெல்லு வெட்டவெளியில கிடக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அச்சடிச்சுத் தொங்கவிடு. அதுக்குக் கலரே வேணாம்.

கடைசியா ஒண்ணு. எடுத்த படத்தைக் காகிதத்துல போட்டு ஒரு பிரதி எனக்கு அனுப்பு. இதுவரைக்கும் எடுத்துக்கிட்டுப் போன ஒருத்தனும் அனுப்புனதில்ல.