விற்ற வறட்டியும் எரித்த வறட்டியும்

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு பெண் உழைக்கிறாளா, சும்மா இருக்கிறாளா என்பதை 1911-ல் சாணிதான் தீர்மானித்தது. அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இந்தியா முழுமைக்கும் அதிகாரி ஈ.ஏ. கெய்ட். சென்னை ராஜதானிக்கு ஜே.சி. மொலோனி. கணக்கெடுக்கப் போனவர்களுக்குக் கொடுத்த விதியின் சாரம் இது: சமைத்து வீட்டைப் பார்த்துக்கொள்பவள் உழைப்பாளி இல்லை, பிறரை அண்டிப் பிழைப்பவள். விறகோ சாணியோ பொறுக்கி விற்பவள் உழைப்பாளி. குயவர் பெண்சாதி தவறாமல் மண் சுமந்து கொடுத்தால் உழைப்பாளி. எப்போதாவது ஒரு கை கொடுத்தால் இல்லை.

ஒரே சுவர், ஒரே சாணி, ஒரே கை. காய்ந்த வறட்டி கூடையேறிச் சந்தைக்குப் போனால் தட்டியவள் சாம்ராஜ்யத்தின் உற்பத்தி சக்தி. அதே வறட்டி அவள் வீட்டு அடுப்புக்குப் போனால் தண்டச்சோறு.

வெள்ளைக்காரன் நம்மூர்ப் பெண்களை மட்டும் வஞ்சித்தான் என்று பழி போடவும் வழியில்லை. இங்கிலாந்தில் குடும்பப் பெண்களுக்கும் கணக்கில் ஒரு தொழில் வகுப்பு இருந்தது. 1881-ல் அவர்களை மொத்தமாகத் தூக்கி, தொழிலில்லாதவர்கள் பக்கம் வைத்தார்கள். மகாராணி விக்டோரியா மட்டும் உத்தியோகத்தில் நீடித்தார்.

சுதந்திரம் வந்தது. 1951 கணக்கெடுப்புக்கு நம்ம ஆர்.ஏ. கோபாலசாமி ஐ.சி.எஸ். அதிகாரி. ஜனங்களை அவர் மூன்றாகப் பிரித்தார்: தன் பிழைப்பைத் தானே பார்ப்பவர், கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டே பிறரை ஒட்டியிருப்பவர், சல்லிக்காசு சம்பாதிக்காமல் ஒட்டியிருப்பவர். விவசாயத்திலும் நாலு வகுப்பு: சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர், அடுத்தவர் நிலத்தில் பயிர் வைப்பவர், கூலிக்காரர், பயிரே வைக்காமல் குத்தகை நெல் அளந்து வாங்குபவர். காவிரிக் கரையில் இந்த நாலு பேரையும் ஒரே களத்துமேட்டில் பார்த்துவிடலாம். நெல்லைக் கொண்டுபோகிறவர் மட்டும் நாலாம் வகுப்பு.

1961-ல் அசோக் மித்ரா அதிகாரியாக வந்து சம்பாத்தியத்தை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்டார். சாகுபடிப் பருவத்தின் பெரும்பகுதியில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் போதும், நீங்கள் உழைப்பாளி. உடம்பை வளைக்க வேண்டும் என்றுகூட இல்லை, மேற்பார்வையும் வேலைதான். மிராசுதாரர்களுக்காகவே நெய்த பட்டு வேட்டி மாதிரி இருந்தது விதி. சாய்வு நாற்காலியில் படுத்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே காரியஸ்தரிடம் "கீழ வயலுக்குத் தண்ணி பாஞ்சுதாய்யா?" என்று கேட்டுவந்தால் அவர் சாகுபடிக்காரர். கேட்காமல் குத்தகை மட்டும் வாங்கினால் வேலை செய்யாதவர். குத்தகைதாரர் பாதுகாப்பு, நில உச்சவரம்பு என்று சட்டங்கள் மிரட்டிய காலம் வேறு. "எல்லாம் என் நேரடி சாகுபடிதான்" என்று சொல்லிவைப்பது உடம்புக்கும் நல்லது, பட்டாவுக்கும் நல்லது.

1971-ல்தான் கூத்து உச்சம். "உங்கள் பிரதான காரியம் என்ன?" என்று ஒரே கேள்வி. பதிலுக்கு ஒரு சுருக்கக் குறி. வேலை செய்யாதவர் பட்டியலில் வீட்டு வேலைக்காரிக்கு இல்லை, வீட்டுக்காரிக்கு 'எச்'. குத்தகையிலும் வட்டியிலும் பிழைப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் 'ஆர்'. இன்னும் இரண்டு எழுத்து தள்ளிப் பிச்சைக்காரருக்கு 'பி'. காரியஸ்தரிடம் கேள்வி கேட்கச் சோம்பல்பட்ட மிராசுதார், கோயில் வாசலில் தான் காசு போட்ட ஆளோடு ஒரே பட்டியலில் உட்கார்ந்தார்.

அது போகட்டும். 1961-ல் 5.94 கோடியாக இருந்த இந்தியாவின் உழைக்கும் பெண்கள் 1971-ல் 3.13 கோடி ஆனார்கள். ஆடுதுறை 27 நெல் வந்து தஞ்சாவூரில் குறுவை நடவு களைகட்டிய அதே பத்து வருஷத்தில்! நாற்று தானாக நடந்துபோய்ச் சேற்றில் நின்றுகொண்டதா? அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவளுக்காவது விவசாயக் கூலி என்ற பட்டம் கிடைத்தது. சொந்த வயலில் நட்டு, களை பறித்து, நெல் அவித்துக் காயவைத்தவளிடம் "பிரதான காரியம்?" என்றால் 'எச்'. 1911-ன் வறட்டி விதிதான் வயலுக்கு இறங்கி வந்திருந்தது.

1981-ல் கணக்கெடுப்பு அதிகாரி பத்மநாபா சமரசம் பேசினார். வருஷத்தில் 183 நாள், அதாவது ஆறு மாசம், வேலை செய்தால் மெயின் ஒர்க்கர். குறைந்தால் மார்ஜினல் ஒர்க்கர். தில்லிக்கு இது புள்ளிவிவரம், டெல்டாவுக்கு இது மேட்டூர் அணை. ஜூன் 12-ல் ஷட்டர் திறந்து குறுவையும் தாளடியும் கைகூடினால் நடவுக்காரி மெயின் ஆக வழி உண்டு. குடகில் மழை பொய்த்து, அணை தாமதமாகத் திறந்து, சம்பா மட்டும் மிஞ்சினால் மார்ஜினல். ஒரு பெண்ணின் உத்தியோக அந்தஸ்தைக் கர்நாடகத்து மேகம் நிர்ணயித்த அதிசயம் வேறெங்கும் உண்டோ?

1991-ல் கேள்வியிலேயே ஒரு வால் ஒட்டினார்கள்: சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் செய்ததும் வேலைதான். 2001-ல் பசுமாடும் உள்ளே வந்தது. வீட்டுச் செலவுக்கு மட்டும் பால் உற்பத்தி செய்தாலும் உழைப்பாளி என்றார்கள். தொண்ணூறு வருஷத்தில் சாணியிலிருந்து மடி வரை முன்னேற்றம்! ஆனால் அங்கேயே கோடு. கும்பகோணத்தில் ஒருத்தி விடிகாலையில் எழுந்து பசுவைக் கறந்தால் பொருளாதாரம். கறந்த பாலைக் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, ஆற்றி, வீட்டிலிருக்கும் ஏழு பேருக்குக் கொடுத்தால் பாசம். கும்பகோணம் டிகிரி காப்பி என்று பலகை வைத்த கடையில் ஒருவர் அதையே செய்தால் தொழில்.

2021-ல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இந்தத் தடவை செல்போன் செயலி. குடும்பமே தன் விவரத்தைத் தானே பதிந்துகொள்ளவும் வசதி உண்டாம். நூறு வருஷத்தில் விதி எத்தனையோ முறை மாறியது. கணக்கெடுக்க வாசலுக்கு வந்த வாத்தியாரிடம் "அவ வீட்ல சும்மாதான் சார் இருக்கா" என்று பதில் சொன்னவர் மட்டும் மாறவில்லை. இனி வாத்தியாருக்கு அலைச்சல் குறையும். செல்போனும் அந்தப் பதிலைச் சொன்னவர் கையில்தானே இருக்கிறது, அவரே நேராக ஏற்றிவிடுவார்.