சிங்கத்துக்குக் காயமில்லை

பாரிஸ் நகரத்து உயர்தையல் காட்சிக்கு உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறதா? கொடுத்து வைத்தவர். உலகத்தில் எண்ணூறு கோடிப் பேருக்கு வரவில்லை. அவர்களை நினைத்து மனம் கலங்க வேண்டாம். அங்கே வரும் யாரும் கலங்குவதில்லை. போகிற இடத்தில் தலைகுனிவு நேராமல் நடந்துகொள்ளச் சில யோசனைகளை மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

முதலில், அதைத் தையற்கடை என்று வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். உயர்தையலுக்குப் பிரெஞ்சில் 'ஓட் கூட்டூர்' என்று பெயர்; அது பிரெஞ்சு அரசு வேலி கட்டிக் காக்கிற பட்டம். 1858இல் சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் கடை போட்டுத் தொடங்கிவைத்த தொழில். 1945 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. பாரிஸில் சொந்தப் பட்டறை வேண்டும். அதில் குறைந்தது 20 கைத்தொழிலாளர் வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 25 புது உடைகளை மேடையேற்ற வேண்டும். இத்தனையும் எண்ணிப் பார்க்கிற விதிகள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: உடைமேல் மின்னுகிற பூவேலையை எந்த ஊரில், யார், என்ன கூலிக்குச் செய்தார்? அது நாகரிகமில்லாத கேள்வி. நீங்களும் கேட்காதீர்கள்.

அடுத்து, இருக்கை. முன்வரிசையில் உட்கார ஜாதகத்தில் எழுதியிருக்க வேண்டும், அல்லது ஒப்பந்தத்தில். அங்கே அமர்ந்திருக்கும் நடிகை ஆசைப்பட்டுத் தன் காசில் வந்ததாக நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் அந்த நிறுவனத்தின் 'உலகத் தூதர்'. உடுத்தியது அவர்கள் தந்தது, பூண்டது அவர்கள் தந்தது, புன்னகையும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. காட்சி அரை மணி தாமதமாகத் தொடங்கிக் கால் மணியில் முடிந்துவிடும். அந்தக் கால் மணிக்காக 2017 ஜூலையில் ஷனேல் நிறுவனம் கிராண்ட் பலே மண்டபத்துக்குள் ஓர் ஈஃபெல் கோபுரத்தையே எழுப்பியது. அசல் கோபுரம் நடந்து போகிற தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதில் கண்டவர்களும் டிக்கெட் வாங்கி ஏறுகிறார்களே, தீட்டுப்பட்டுப் போயிருக்கும்.

உடையின் விலையைக் கேட்டு நடுங்க வேண்டாம். உங்களை யாரும் வாங்கச் சொல்லவில்லை. உலகம் முழுக்கச் சேர்த்தாலும் வாங்குவோர் சில ஆயிரம் பேர்தான். கல்லாப் பெட்டி நிரம்புவது வேறு வழியில்: இந்த வெளிச்சத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்துக் கிறங்கிய குமாஸ்தாவும் கடைப்பெண்ணும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிற உதட்டுச்சாயத்திலும் சென்ட் புட்டியிலும். பல்லக்கில் போகிறவர் யாரோ. அதற்கு வரி கட்டுகிறவர் தெருவோரம் நிற்பவர்.

இனி மேடைக்கு வருவோம். 2023 ஜனவரியில் பெட்டி பலே மண்டபத்தில் ஸ்கியாபரெல்லி நிறுவனத்தின் காட்சி. கவி தாந்தேயின் நரகம்தான் கருப்பொருள். நரகத்தைக் காட்ட இதைவிடத் தோதான கூட்டம் வேறெங்கே கிடைக்கும்? உயிருள்ளதுபோல ஒரு சிங்கத்தலை மேடையில் வந்தது, ஓர் அழகியின் மார்பில். அதே சிங்கத்தலையை மாட்டிக்கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தார். பாடகி டோஜா கேட் உடம்பெங்கும் 30,000 சிவப்புப் படிகக் கற்களை ஒட்டிக்கொண்டு வந்தார். ஒட்டி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சிங்கத்தைப் பார்த்து உலகம் பதறியது. நிறுவனம் உடனே விளக்கம் தந்தது: தலை நுரையாலும் பிசினாலும் கையால் செய்யப்பட்டது, எந்த விலங்குக்கும் தீங்கு நேரவில்லை. விலங்கு நல அமைப்பான பீட்டாவின் தலைவரே பாராட்டினார்.

நல்லது. சிங்கத்துக்குக் காயமில்லை. எங்களுக்கும் நிம்மதி. இதே அக்கறையோடு இன்னொரு வரியையும் இந்த நிறுவனங்கள் எழுதித் தரட்டுமே: 'இந்த உடையைச் செய்ததில் எந்தத் தொழிலாளியின் கண்ணும் கெடவில்லை, எவர் முதுகும் வளையவில்லை, எவர் கூலியும் குறையவில்லை.' எழுத மாட்டார்கள். பொம்மைச் சிங்கத்துக்கு இருக்கிற வழக்கறிஞர்கள் உயிருள்ள மனிதனுக்கு இல்லை.

அந்த மனிதன் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பாரிஸ் வீதிகளில் அலைய வேண்டாம். உலகின் பெரிய உடை நிறுவனங்கள் பலவற்றின் பூவேலை மும்பைப் பட்டறைகளில் நடக்கிறது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, இருபுறமும் ஆட்கள் தரையில் உட்கார்ந்து குனிந்து, கொக்கி ஊசியால் மணி மணியாகக் கோத்து ஏற்றுகிறார்கள். நம் ஊர்க் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்கிறார்களே, அதே ஊசி, அதே குனிவு. முடிந்த துண்டுகள் விமானம் ஏறுகின்றன. ஐரோப்பாவில் அவற்றை உடையாகத் தைத்துச் சேர்க்கிறார்கள். கடைசி முக்கிய வேலை எங்கே நடந்ததோ அதுதான் பிறந்த ஊர் என்பது அங்குள்ள விதி. ஆகவே கழுத்துப் பட்டியில் 'பிரான்சில் தயாரிக்கப்பட்டது' என்று அச்சாகிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

எப்போதுமே மறைக்கிறார்கள் என்று சொன்னால் பாவம். 2023 மார்ச்சில் டியோர் நிறுவனம் மும்பை இந்திய நுழைவாயிலுக்கே வந்து காட்சி நடத்தியது. பூவேலை செய்த இந்தியப் பட்டறையை ஊரறியப் புகழ்ந்தது. இரண்டே ஆண்டில் ஞாபகம் மங்கிவிட்டது. 2025 ஜூனில் அதே டியோர் பாரிஸ் மேடையில் ஒரு மேலங்கியை நடக்கவிட்டது. லக்னோவின் முகைஷ் வேலை: மெல்லிய உலோகப் பட்டையைத் துணியில் கோத்து மடித்து அழுத்தி நட்சத்திரம்போல மின்னவைக்கும் கைத்திறன். விலை 2 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. லக்னோ என்ற பெயர் மேடையில் வரவில்லை. அதே மாதம் மிலானில் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பை மாட்டி ஆண்களை நடக்கவிட்டு, 'தோல் செருப்பு' என்று குறித்துக்கொண்டது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. மகாராஷ்டிரம் கொதித்து எழுந்த பிறகுதான் மூலம் எதுவென்று பிராடா வாய் திறந்தது. கைக்குப் பெயர் கிடைக்க வேண்டுமானால் முதலில் கூச்சல் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

கூலிக் கணக்குக் கேட்பவர்களுக்கு மிலான் நீதிமன்றம் ஒரு துளி காட்டியது. 2024 ஜூனில் டியோரின் இத்தாலியக் கிளை நிறுவனம் ஒன்று நீதிமன்றக் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் கைப்பையைச் செய்து கொடுத்த ஒப்பந்தக்காரருக்கு, தோலின் விலை நீங்கலாக, 53 யூரோ தரப்பட்டதாக ஆவணங்கள் சொல்லின. கூப்பிட்ட நேரத்தில் எழுந்து வேலை செய்யத் தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்துறங்கினார்கள். வேகம் கூட்டுவதற்காக இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன. நிறுவனம் நடைமுறைகளைத் திருத்திக்கொள்ள, 2025 பிப்ரவரியில் கண்காணிப்பு நீங்கியது. ஐரோப்பாவின் நடுவில், நீதிமன்றத்தின் கண்ணெதிரே இந்த நிலை என்றால், கடல் தாண்டிய சந்துகளில் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காட்சி முடிந்த பிறகு போடுங்கள்; இடையில் போட்டால் முகம் வாடும், படம் கெடும்.

ஏழைகள் மீது இந்த உலகத்துக்குப் பிரியமே இல்லை என்று சொல்லாதீர்கள். 2000 ஜனவரியில் டியோருக்காக வடிவமைப்பாளர் ஜான் கலியானோ செய்த உயர்தையல் வரிசையின் கருப்பொருளே சேன் நதிக்கரையில் படுத்துக்கிடக்கும் வீடற்றவர்கள்தான். கிழிசல் பட்டு, செய்தித்தாள் அச்சிட்ட துணி. குளிருக்குக் காகிதம் போர்த்துக் கிடப்பவனின் அவலத்தை நகல் எடுத்து, காகிதத்துக்குப் பதில் பட்டில் அச்சடித்து விற்றார்கள். அசல் வீடற்றவர்கள் டியோர் வாசலில் வந்து கத்தியபோது உள்ளே யாருக்கும் அது கருப்பொருளாகத் தெரியவில்லை. 2024இல் பாரிஸுக்கு ஒலிம்பிக் வந்ததால் உயர்தையல் வாரம் ஜூன் மாதத்துக்கு முன்தள்ளப்பட்டது. அந்த விளையாட்டின் பெரும் புரவலர், டியோரின் தாய்க் குழுமமான எல்விஎம்ஹெச். அதே பருவத்தில் பாரிஸ் தெருக்களில் படுத்திருந்தவர்களும் அகதிகளும் ஆயிரக்கணக்கில் அப்புறப்படுத்தப்பட்டார்கள் என்று தொண்டு அமைப்புகள் குரல் எழுப்பின. கந்தலுக்கு மேடை உண்டு. கந்தல் கட்டியவனுக்கு நடைபாதைகூட இல்லை.

2023 ஏப்ரலில், ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கிய அரசை எதிர்த்து ஊர்வலம் வந்த தொழிலாளர்கள் பாரிஸில் எல்விஎம்ஹெச் தலைமையகத்துக்குள் நுழைந்தார்கள். ஓய்வூதியத்துக்குப் பணம் வேண்டுமானால் இங்கே வந்து எடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. அப்போது அக்குழுமத்தின் தலைவர் பெர்னார் அர்னோ உலகப் பணக்காரர் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். இரண்டே மாதத்தில், பாரிஸை ஒட்டிய நாந்தேரில் 17 வயதுச் சிறுவனைப் போலீஸ் சுட்டுக் கொல்ல, பிரான்ஸ் பற்றி எரிந்தது. செலின் நிறுவனம் தன் ஆண்கள் உடைக் காட்சியை ரத்து செய்தது. உயர்தையல் வாரமோ ஜூலை 3ஆம் தேதி, குறித்தபடி தொடங்கியது. ஊர் எரிவதற்கும் உடை மின்னுவதற்கும் தனித்தனி நாட்காட்டி.

நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டு நட்சத்திரம் ஒருவர் பாரிஸ் முன்வரிசையில் அமர்ந்தால் 'இந்தியாவுக்குப் பெருமை' என்று பக்கம் பக்கமாகப் படம் போடுகிறோம். அவர் உடுத்திய உடையில் இந்தியா ஏற்கெனவே குனிந்து உட்கார்ந்திருக்கலாமே, அதற்கு ஒரு வரி போட்டோமா? விருந்தாளியாகப் போன இந்தியர் தலைப்புச் செய்தி. வேலையாளாகப் போன இந்தியர் தலைப்பிலும் இல்லை, அடிக்குறிப்பிலும் இல்லை. வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்று முழங்குவதற்கு முன், நம் ஊர்த் தெருமுனையில் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்யும் பெண்ணிடம் பேரம் பேசிக் குறைத்த கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசி யோசனை, கைதட்டல் பற்றி. 2016 ஜூலையில் ஷனேல் தன் பாரிஸ் தையல் பெண்களையும் மேசைகளையும் மண்டபத்துக்குள் கொண்டுவந்து, அவர்கள் வேலை செய்வதையே அரங்க அலங்காரமாக்கியது. உழைப்பாளியைக் கௌரவித்தார்கள் என்று எல்லோரும் நெகிழ்ந்தார்கள். பாரிஸ் கைக்கு அலங்காரப் பொருள் ஆகிற பாக்கியமாவது கிட்டியது. மும்பைக் கைக்கு விசாகூடக் கிட்டாது.

ஆகவே காட்சி முடிந்து வடிவமைப்பாளர் வந்து தலைவணங்கும்போது கைதட்டாதீர்கள். எழுந்து நின்று, பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். ஒரு திரைப்படத்தின் முடிவில் தேநீர் கொண்டுவந்த பையனின் பெயரும் ஓடுகிறது. பல லட்சம் ரூபாய் உடைக்கு ஊசி பிடித்தவன் பெயர் ஏன் ஓடவில்லை? பெயருக்கு எதிரே கூலியைப் போடச் சொல்லுங்கள். கூலிக்கு எதிரே விற்பனை விலையைப் போடச் சொல்லுங்கள். காவலர்கள் வந்து உங்களை மரியாதையாக வெளியே கொண்டுபோய் விடுவார்கள். அடுத்த பருவத்துக்கு அழைப்பு வராது. வராமலே இருக்கட்டும். திருட்டுக்குச் சாட்சியாக முன்வரிசையில் உட்காருவதைவிட, தெருவில் நின்று கத்துகிறவன் மானமுள்ளவன்.