ரதியின் மூக்குக்கண்ணாடி: பன்வில காமன் பொட்டலை முன்வைத்து ஓர் ஆய்வு

மன்மதன்–ரதி கதையை ஆடும் மலையகக் காமன் கூத்தைப் பற்றி எழுதியோர் அதன் தோற்றம், சடங்கு, தப்புப் பறையின் அடி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ரதி வேடம் கட்டும் ஆணுக்குக் கிட்டப்பார்வை இருந்தால் எந்த மூக்குக்கண்ணாடி எடுப்பாக இருக்கும் என்ற வினாவை மட்டும் ஒருவரும் தொடவில்லை. ஆய்வேடு என்றால் முதற்பக்கத்தில் ஓர் இடைவெளி கண்டுபிடித்தாக வேண்டும். கிடைத்தவற்றுள் மிகச் சிறியது இதுவாகையால் நாம் இதனுள் நுழைகிறோம். பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு இறங்கி, கடையில் ‘லேடீஸ்’ என்று பிரித்து வைத்த தட்டை நேரே நாடும் ரதி ஏமாறுவார் என்பதே நம் துணிபு. பிரேமைத் தீர்மானிக்க வேண்டியவை முகத்தின் அகலமும் தீட்டிய புருவமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காதும்.

சான்றுக்கு வருவோம். அமெரிக்க இராணுவம் 2012இல் தன் படையினரின் உடலளவுகளைத் தொகுத்தபோது, இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஆண்களுக்குச் சராசரி 64 மி.மீ., பெண்களுக்குச் சுமார் 62 மி.மீ. எனக் கண்டது. கண்ணளவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டே மில்லிமீட்டர் வழக்கு. ஆனால் ஆண்முகம் பொதுவாக அதைவிடக் கூடுதலாக அகன்றது. ஒடுங்கிய பிரேமை மாட்டினால் இரு பக்கமும் பிதுங்கி இன்னும் பெரிதாகத் தெரியும். பிரேமின் உட்புறம் 52, ஒரு குட்டிச் சதுரம், 18, பிறகு 140 என்பதுபோல் எழுதியிருக்கும்: சில்லின் அகலம், மூக்குப் பாலம், காதுக்கம்பியின் நீளம், யாவும் மில்லிமீட்டரில். ரதி வாசிக்க வேண்டிய சாஸ்திரம் அதுவே. வடிவத்தில், ஓரம் மேல்நோக்கி ஏறும் பூனைக்கண் பிரேம் பார்வையைத் தாடையிலிருந்து மேலே இழுக்கும். 1930களில் நியூயோர்க்கில் அதை வடிவமைத்த ஆல்டினா ஷினாசிக்கு முன்மாதிரி ஹார்லெக்வின் முகமூடி. கூத்திலிருந்து போனது கூத்துக்கே திரும்புகிறது. மேல் விளிம்பு நிஜப் புருவத்தை மறைத்து, மை தீட்டிய புருவத்தை வெளியே விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் ஒரு கண்ணுக்கு மூன்று புருவம். கிட்டப்பார்வைச் சில்லு கண்ணைச் சிறிதாக்கும். மையைத் தடிப்பாக இடுக. நிறம்: சேலையோடு சண்டை பிடிக்காவிட்டால் போதும்.

இனி, காது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றிய மூக்குக்கண்ணாடி நானூறு ஆண்டுகளுக்கு மேல் மூக்கைக் கவ்வியோ கையைப் பிடித்தோதான் காலம் தள்ளியது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் பக்கக் கம்பிகளோடு விற்றபோதும், அவை நெற்றிப்பொட்டை அழுத்தினவேயன்றிக் காதில் கொளுவவில்லை. ரதியின் காதிலோ டோப்பாவின் நாடா, கிரீடக் கட்டு, மாட்டல், ஜிமிக்கி என நால்வர் முன்பே குடியிருக்கின்றனர். ஐந்தாவதாக வரும் கம்பிக்கு எந்த அடுக்கு? இதில் மூன்று மரபுகள் மோதுகின்றன. கம்பி தோலை ஒட்டி அடியில் என்பது முதலாவது (பார்க்க: ஒப்பனைப் பாய், தென்கிழக்கு மூலை). டோப்பாவுக்கு மேலே என்பது இரண்டாவது (ஒப்பிடுக: மேற்படி பாய், சுருட்டிய பின், உட்புறம், எண்ணெய்க் கறைக்கு இடப்பக்கம்). கம்பியே வேண்டாம், கறுப்பு நூலால் பின்னந்தலையில் கட்டுக என்பது மூன்றாவது (மறுப்புக்குக் காண்க: தப்பு வேகமெடுத்த சுற்று, கண்ணாடி விழுந்த இடம், முன்வரிசை ஆச்சியின் மடி, ஆச்சியின் வாய்மொழி, பதிப்பிக்கத் தகாதது, அதன் திருத்திய இரண்டாம் பதிப்பு, அதைவிடத் தகாதது). முதல் மரபே வெல்கிறது. எலும்பைத் தொட்டு நிற்கும் கம்பி வழுக்காது. கழற்ற வேண்டுமானால் தேவலோகத்தையே பிரிக்க வேண்டுமே என்பார்க்கு விடை: முனை வளையாத நேர்க்கம்பி வாங்குக, டோப்பாவுக்கு அடியிலிருந்து உருவிக்கொள்ளலாம்.

புராண ரதிக்குக் கண்ணாடி ஏது என்பது பெரும் ஆட்சேபம். அவருக்கு ஊக்கும் இல்லை, லிப்ஸ்டிக்கும் இல்லை. ஆணே ரதியாகலாம் என்று ஏற்றுக்கொண்ட சபை மைனஸ் மூன்றில் மட்டும் பிடிவாதம் பிடிப்பது தர்க்கமாகாது. 1982இன் டூட்சி, 1993இன் மிசஸ் டவுட்ஃபயர் ஆகிய ஹொலிவுட் படங்களில் பெண்வேட நாயகர்கள் பெரிய கண்ணாடி அணிந்தார்களே, அதைப் பின்பற்றலாகாதா? ஆகாது. அங்கே கண்ணாடி ஆளை ஒளிக்கும் கருவி. கூத்துத் திடலாகிய காமன் பொட்டலிலோ ரதி யார் வீட்டுப் பிள்ளை என்று லயத்துக் குழந்தைக்கும் தெரியும். ஒளிக்க ஒன்றுமில்லாத இடத்தில் அழகு ஒன்றே அளவுகோல். கூத்து முடிந்த பின்னும் தன் விருப்பத்துக்குச் சேலை கட்டுவோர்க்கும் முகக்கணக்கு இதுவே. கொண்டாக்ட் லென்ஸ் என்பார், பவுடரையும் பந்தப்புகையையும் மறந்தவர்.

மேற்கோள்கள் போலி என்பது கடைசி ஆட்சேபம். 1684இல் புளோரன்ஸ் அறிஞர் லியோபோல்டோ டெல் மிலியோரே, மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் தம்மூர் சல்வினோ என்று இல்லாத கல்லறை வாசகத்தைக் காட்டி நிறுவினார். 20ஆம் நூற்றாண்டில் அதன் குட்டு உடையும்வரை எத்தனையோ நூல்கள் அதை மரியாதையோடு எடுத்தாண்டன. நம் ஒப்பனைப் பாயாவது விரித்துக் காட்டக்கூடியது.

மன்மதனின் கண்ணாடி தனி ஆய்வுக்குரியது. எரிந்து, மீண்டும் உயிர்பெறுகிறவருக்குக் கடைக்காரர் தரும் ஓராண்டு உத்தரவாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் இன்னும் கருத்தொற்றுமை இல்லை.