எம்ஜிபியின் பின்புற உயரம்: ஓர் ஆய்வு

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட எம்ஜிபி என்னும் ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் போற்றிப் பேணுவோரில், காரின் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என வருந்துவோர் ஒரு சாரார். படுத்துவிட்டது என வருந்துவோர் மறு சாரார். சரியான உயரத்தில்தான் நிற்கிறது என்று அடித்துச் சொல்லும் மூன்றாம் சாரார், பெரும்பாலும் அக்காரை விற்க முன்வந்தவர்களாகவே இருப்பர்.

இவ்வருத்தங்களுக்கெல்லாம் பிறப்பிடம் பின்சக்கரங்களைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் ஆகும். நீளம் படிப்படியாகக் குறையும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் பிணைத்து, வில்லாக வளைத்துச் செய்யப்படும் இதன் முன்முனை காரின் உடலோடும், பின்முனை ஷேக்கிள் எனப்படும் ஊசலாடும் இணைப்போடும் பொருத்தப்பட, பின் ஆக்ஸில் இதன் முதுகின்மேல் அமர்ந்து யூ போல்ட்டுகளால் இறுக்கப்படுகிறது. உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ இதில் திருகு எதுவும் கிடையாது. பட்டைகளின் வளைவும், ஆண்டுக்கணக்கில் அவை சுமந்த சுமையின் களைப்புமே உயரத்தைத் தீர்மானிக்கின்றன.

இந்நிலையில் 1974இல் அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகள் குறுக்கிட்டன. முகப்பு விளக்குகள் விதிக்கப்பட்ட உயரத்தில் இல்லை எனத் தெரிந்ததும், முகப்பைத் திருத்தி வடிவமைப்பதைவிடக் காரையே தூக்கிவிடுவது மலிவு எனக் கண்ட பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம், வண்டி முழுவதையும் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், உயர்த்தியது. விளக்குக்கு இடப்பட்ட கட்டளைக்கு இருக்கையும் எஞ்சினும் ஓட்டுநரும் சேர்ந்து கீழ்ப்படிந்ததன் விளைவாக, வளைவுகளில் ஒட்டிக்கொண்டு ஓடிய கார் சாய்ந்து சாய்ந்து ஓடலாயிற்று.

அந்த அங்குலத்தை மீட்க உரிமையாளர் நாடுவது லோயரிங் பிளாக் எனப்படும் உலோகக் கட்டையாகும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையே இதைச் செருகி, நீளமான யூ போல்ட்டுகளால் இறுக்கினால், கட்டையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு பட்டையும் அதைத் தொடர்ந்து காரின் பின்புறமும் இறங்கும். ஆக்ஸில் உடலில் மோதாமல் காக்கும் ரப்பர் தடுப்புக்கு இருந்த இடைவெளியும் அதே அளவு குறைவதால், இறக்கத்தின் சிறப்பைக் கண்களும் அதன் விலையை முதுகெலும்பும் அனுபவிக்கும்.

பட்டை படுத்துப்போனவர் புதிய பட்டை வாங்குகிறார். அதுவோ புதுமிடுக்கில் வேண்டியதற்கும் மேலே நின்று, படிந்து அடங்க நாளெடுத்துக்கொள்கிறது. அதை அடக்க டிக்கியில் சிமென்ட் மூட்டையை ஏற்றி ஊர் சுற்றுவோரும் உளர். ஆனால் குற்றம் பல வேளைகளில் பட்டையினுடையது அன்று. காரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே பட்டை முனைகளின் போல்ட்டுகளை முழுதும் இறுக்கிவிட்டால், அங்குள்ள ரப்பர் புஷ்கள் தொங்கிய நிலையிலேயே பிடிபட்டு, காரைத் தரையில் இறக்கும்போது முறுக்கிக்கொண்டு, தாமும் ஸ்பிரிங்குகளாகிக் காரை மேலே தள்ளுகின்றன. ரப்பர் கிழிந்த பிறகே உண்மை உயரம் வெளிப்படுகிறது. ஆகவே சக்கரங்கள் சுமையைத் தாங்கி நிற்கும்போதுதான் இறுதி இறுக்கம் செய்யப்பட வேண்டும் என்பது விதி. அவ்வாறு நிற்கும் காருக்கு அடியில் தலை நுழையாது என்பது அனுபவம்.

இறுதியாக அளவீடு. சமதரையில், இரு டயர்களிலும் ஒரே காற்றழுத்தம் வைத்து, காரை அமுக்கிக் குலுக்கி நிலைக்கவிட்ட பின், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஓட்டுநர் உள்ளே இருக்க வேண்டுமா என்பதில்தான் இரு கட்சிகள் உண்டு. அவர் அமர்ந்த நிலையில் இடமும் வலமும் சமமாக்கப்பட்ட கார், அவர் இறங்கியதும் மறுபுறம் சாய்கிறது. வெறுமையாக நிற்கும்போது சமமாக்கப்பட்டதோ, அவர் ஏறியதும் அவர் பக்கம் சாய்கிறது. ஓடும்போது கார் நேராக இருப்பதை உள்ளே இருப்பவரால் பார்க்க இயலாது. நிற்கும்போது நேராக இருந்தால் வருவோர் போவோர் எல்லாருக்கும் காட்டலாம். இத்தகைய கார்கள் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகமாதலால், பெரும்பாலோர் இரண்டாம் கட்சியில் சேர்ந்துவிடுகின்றனர்.